ஒன்றுமில்லாத இடங்களைக் காணச் சென்றோம்



பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத இடங்களைப் பார்ப்பதற்காகக் கடல் கடந்து சென்றவர்களை நீங்கள் கண்டதுண்டா? 2024ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் நான் அப்படிச் சென்றேன். நியூசிலாந்து தேசத்தின் தென்தீவில், ஓர் ஏரிக்கரையில், மகனுடைய குடும்பத்தோடு நானும் என் மனைவியும் ஆறு நாட்கள் தங்கியிருந்தோம். அவற்றில் இரண்டு நாட்களை ஒரு சினிமா எடுக்கப்பட்ட இடங்களைத் தேடிச் செல்வதிலேயே கழித்தோம்.

சினிமா என்ற வார்த்தையைக் கண்டதும் உங்களில் சிலர் இப்பக்கத்தைப் புரட்டிவிட நினைக்கலாம். தயவுசெய்து சற்றுப் பொறுங்கள். நானும் உங்களைப் போன்றவன்தான். என் வாழ்நாளில் திரையரங்கத்தின் படியை மிதித்ததில்லை. இதை எழுதும் இந்நாள் வரைக்கும் அந்தத் திரைப்படங்களை நான் பார்க்கவுமில்லை. ஆகிலும், அந்த வெற்றிடங்களில் நான் கண்டுகொண்டதை உங்களிடம் சொல்லாமலிருக்க என்னால் கூடவில்லை.

எடைக்குப் போட்ட புத்தகம்

1976ஆம் ஆண்டில், பத்தொன்பது வயதில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஒரு தகரப் பெட்டியுடன் தாதர் ரயில் நிலையத்தில் வந்திறங்கினேன். தாராவியில் ஒரே அறையில் எட்டுப் பேர் தங்கினோம். பகல் வேலைக்குப் போனவர்கள் திரும்பியதும், இரவு வேலைக்குப் போகிறவர்கள் எழுந்து பாயைக் கொடுப்பார்கள். இப்படித்தான் நம்மில் அநேகர் பட்டணத்தில் வேரூன்றினோம். பிள்ளைகளாவது நன்றாக இருக்க வேண்டும் என்ற ஒரே நினைவு. பட்டணம் அவர்களை விழுங்கிவிடக் கூடாதே என்ற ஒரே பயம். அந்தப் பயத்தினால் வீட்டைச் சுற்றிக் கட்டாத மதில்களை எல்லாம் வார்த்தைகளால் கட்டி வைத்தேன்.

2002ஆம் ஆண்டில் என் மகன் பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மாணவன். ஒருநாள் அவனுடைய சட்டையைத் துவைக்க எடுத்த என் மனைவி, அதன் பையிலிருந்து ஒரு காகிதத் துண்டை எடுத்தாள். திரையரங்கச் சீட்டு! அன்றிரவு குடும்ப ஜெபம் முடிந்ததும் அவனை எழுப்பி நிறுத்தி விசாரித்தேன். அவன் மறுக்கவில்லை. 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' என்ற ஆங்கிலப் படத்துக்குப் போனதாக ஒப்புக்கொண்டான். நான் அத்தோடு விடவில்லை. அவனுடைய படுக்கையைச் சோதித்தேன். தலையணைக்கு அடியில் அதே பெயருடைய தடித்த புத்தகம் ஒன்று அகப்பட்டது. பஸ் காசை மிச்சம் பிடித்து, ஃபோர்ட் பகுதி நடைபாதைக் கடையில் வாங்கியிருந்தான்.

மறுநாள் காலையில் பழைய பேப்பர்க்காரரைக் கூப்பிட்டேன். செய்தித்தாள் கட்டுகளின்மேல் அந்தப் புத்தகத்தையும் தூக்கித் தராசில் வைத்தேன். மகன் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அதன்பின் அவன் மிகவும் கீழ்ப்படிதலுள்ள பிள்ளையானான். சபையில் மற்றப் பெற்றோர் அவனைச் சுட்டிக்காட்டித் தங்கள் பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னார்கள். நானும் உள்ளுக்குள் மகிழ்ந்தேன். ஆனால், அவன் என்னிடம் பேசுகிற காரியங்கள் மதிப்பெண், சம்பளம், உடல்நலம் என்ற மூன்றோடு நின்றுபோயின. இருபத்திரண்டு ஆண்டுகள்! அதை மரியாதை என்றே நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூச்சு விடும் ஏரி

மகன் வேலை செய்யும் கிறைஸ்ட்சர்ச் நகரத்திலிருந்து குயின்ஸ்டவுன் ஏறக்குறைய 480 கி.மீ. தொலைவு. அது வாகடிபு ஏரியின் கரையில் இருக்கிறது. நீளம் சுமார் 80 கி.மீ.; மின்னல் கீற்றைப்போல் மடிந்து மடிந்து மலைகளுக்கிடையே கிடக்கிறது. பனிப்பாறைகள் முற்காலத்தில் குடைந்தெடுத்த பள்ளம் அது. நீர்மட்டம் கடல் மட்டத்துக்குமேல் சுமார் 310 மீட்டர். ஆழமோ சுமார் 380 மீட்டர். அப்படியானால் அதன் அடித்தரை கடலுக்கும் கீழே அல்லவா இருக்கிறது! 1912ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய நிலக்கரிக் கப்பல் ஒன்று கரும்புகை விட்டுக்கொண்டு அந்த ஏரியைக் கடந்து செல்வதைக் கண்டோம்.

அந்த ஏரியில் ஓர் அதிசயம் உண்டு. அரைமணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் அதன் நீர்மட்டம் சுமார் 10 செ.மீ. உயர்ந்து தாழ்கிறது. கரையோரம் ஒரு கல்லைக் குறித்து வைத்துப் பொறுமையாக உட்கார்ந்திருந்தால் கண்ணாலேயே காணலாம். பூர்வ குடிகளான மாவோரி மக்கள், ஓர் அரக்கன் உறக்கத்தில் எரிக்கப்பட்டான், அவன் கிடந்த பள்ளமே ஏரியாயிற்று, அவன் இருதயம் மட்டும் அடியில் இன்னும் துடிக்கிறது என்று சொல்லி வந்திருக்கிறார்கள். காற்றும் காற்றழுத்தமும் மாறும்போது, தாம்பாளத்துத் தண்ணீரைப்போல ஏரி முழுவதும் முன்னும் பின்னும் அசைவதே காரணம் என்று விஞ்ஞானிகள் சொல்லுகிறார்கள்.

மகன் இதை விவரித்தபோது, "எல்லாம் கட்டுக்கதை" என்றேன். அவன் சிரித்துக்கொண்டு பேச்சை நிறுத்திவிட்டான். அந்தச் சிரிப்பை அன்றுதான் முதன்முதலாகக் கவனித்தேன். கதவைச் சாத்துகிற சிரிப்பு அது.

இரண்டாம் நாள் இரவில் அவன் தயக்கத்தோடு வந்து, "அப்பா, நாளைக்கு நாங்கள் ஒரு படம் எடுத்த இடத்தைப் பார்க்கப் போகிறோம். உங்களுக்குச் சங்கடமாக இருந்தால், நீங்கள் வண்டியிலேயே இருந்துகொள்ளலாம்" என்றான். என்ன படம் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமில்லை, இருவருக்கும் தெரிந்திருந்தது. முப்பத்தெட்டு வயதில், தன் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வண்டியில், தகப்பனை வண்டியிலேயே விட்டுச் செல்ல ஆயத்தமாயிருக்கிற ஒரு மகன்! "நானும் இறங்கி வருகிறேன், தம்பி" என்றேன்.

முழங்காலளவுத் தண்ணீர்

குயின்ஸ்டவுனிலிருந்து ஏறக்குறைய 20 கி.மீ. தொலைவில் ஆரோடவுன் என்ற சிற்றூர் இருக்கிறது. 1862ஆம் ஆண்டில் ஆற்றிலே பொன் கிடைத்ததால் உண்டான ஊர் அது. வண்டி நிறுத்துமிடத்துக்குப் பின்னாலேயே ஆரோ ஆறு ஓடுகிறது. நமது தாமிரபரணியைக் கண்ட கண்ணுக்கு அதை ஆறென்று சொல்லவே மனம் வராது. கூழாங்கற்களின்மேல் முழங்காலளவுத் தண்ணீர், கரையில் வில்லோ மரங்கள், அவ்வளவுதான்.

"எங்கே தம்பி, அந்த இடம்?"

"இதுதான் அப்பா."

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். ஒரு தூணில்லை, ஒரு மண்டபமில்லை. என் ஒன்பது வயதுப் பேத்தியோ கையைத் தட்டிக்கொண்டு, "தாத்தா, அதோ குதிரைகள் வருகின்றன!" என்று கூவினாள். வெறும் தண்ணீரைத்தான் காட்டினாள். அதன்பின் அவளே எனக்குக் கதை சொன்னாள். காயப்பட்ட ஒரு சின்னஞ்சிறு மனிதனை ஒரு பெண் குதிரையில் ஏற்றிக்கொண்டு இந்த ஆற்றைக் கடக்கிறாள். கறுப்பு உடை தரித்த ஒன்பது பேர் துரத்தி வருகிறார்கள். அவள் திரும்பி நின்று வார்த்தை சொல்ல, ஆறு வெள்ளைக் குதிரைகளின் உருவில் பெருக்கெடுத்து வந்து பகைவரை வாரிக்கொண்டு போகிறது. அந்த வெள்ளமும் குதிரைகளும் கணினியால் உண்டாக்கப்பட்டவை என்றும், அதே காட்சியின் ஒரு பகுதி மலைக்கப்பால் உள்ள ஸ்கிப்பர்ஸ் பள்ளத்தாக்கில் எடுக்கப்பட்டது என்றும் மகன் சொன்னான்.

"இவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? படத்தைக் காட்டினாயா?"

"இல்லை அப்பா. இவள் இன்னும் சிறியவள். இரவில் தூங்கும்முன் புத்தகத்திலும் படத்திலும் வருவதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழில் சொல்லுகிறேன்."

வாசகர்களே, நான் எடைக்குப் போட்ட அந்தப் புத்தகம், உலகத்தின் மறுகோடியில், என் தாய்மொழியில், என் பேத்தியின் காதில் விழுந்துகொண்டிருக்கிறது!

2002 என்ற எண்

அதே ஆற்றங்கரையில் சற்று நடந்தால் வேறோர் இடம் உண்டு. அங்கே சினிமா இல்லை. 1860களின் பிற்பகுதியிலிருந்து பொன் தேட வந்த சீன ஏழைகளின் குடிசைகள் அவை. சிதைந்தவற்றில் சிலவற்றைச் செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள். கல்லும் மண்ணும் தகரமும் கொண்டு கட்டப்பட்டவை. குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே ஒரு கட்டில், ஓர் அடுப்பு, அதற்குமேல் இடமில்லை. அவர்களில் பெரும்பாலோர் குவாங்டாங் மாகாணத்திலிருந்து குடும்பத்தை விட்டுத் தனியே வந்தவர்கள். மற்றவர்கள் தோண்டிவிட்டுப் போன மண்ணையே திரும்பவும் அலசி, கிடைத்ததை ஊருக்கு அனுப்பினார்கள். திரும்பிப் போக முடியாமல் அங்கேயே மாண்டவர்களும் உண்டு.

அந்தக் குடிசை வாசலில் என் கால்கள் நகர மறுத்தன. தாராவியின் அந்த அறை என் கண்முன் வந்தது. மணியார்டர் படிவத்தில் எழுதிய சுருக்கமான வரிகள் நினைவுக்கு வந்தன. நம்மைப் போன்றவர்கள் அல்லவா இவர்கள்!

மகன் மெதுவாகச் சொன்னான்: "இவர்களுக்கு மட்டும் அரசாங்கம் தலைவரி போட்டது அப்பா. 1881இல் ஆளுக்கு 10 பவுண்ட். 1896இல் அதை 100 பவுண்ட் ஆக்கினார்கள். 1944இல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. பின்பு 2002ஆம் ஆண்டில், பிரதம மந்திரி ஹெலன் கிளார்க் அரசாங்கத்தின் பேரில் சீனக் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டார்."

அவன் வேறொன்றையும் நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் 2002 என்ற எண் என்னைக் குத்தியது. வரி கொடுத்தவர்கள் யாவரும் மண்ணுக்குள் போன பிறகும், ஒரு தேசம், "நாங்கள் செய்தது தவறு" என்று சொல்லக் கூச்சப்படவில்லை. அதே ஆண்டில் நான் செய்த காரியத்துக்கு என் மகன் என் எதிரே உயிரோடு நிற்கிறான். என் நாவோ எழும்பவில்லை.

அன்று திரும்பும் வழியில் கவராவ் ஆற்றின் பாலத்தருகே நிறுத்தினோம். 1988ஆம் ஆண்டு முதல் மக்கள் காலில் கயிற்றைக் கட்டிக்கொண்டு 43 மீட்டர் உயரத்திலிருந்து தலைகீழாகக் குதிக்கும் பாலம் அது. படத்தில் இந்த ஆற்றின் இருபுறமும் மலையுயரத்தில் இரண்டு கல்ராஜாக்கள் கை நீட்டி நிற்பார்களாம். இங்கேயும் ஒன்றுமில்லை, நீல நிறத் தண்ணீரும் பாறைச் சுவர்களும்தான். ஆனால் இம்முறை நான், "எங்கே?" என்று கேட்கவில்லை. "எந்தப் பக்கம் நின்றார்கள்?" என்று கேட்டேன். மகன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். பிறகு பாறைகளைக் காட்டிக் காட்டி அரைமணி நேரம் பேசினான்.

பாரடைஸ் செல்லும் வழியில்

ஐந்தாம் நாள் ஏரியின் தலைமாட்டிலுள்ள கிளெனோர்கி என்ற ஊருக்குச் சென்றோம். குயின்ஸ்டவுனிலிருந்து ஏறக்குறைய 45 கி.மீ. தூரமும் ஏரியை ஒட்டியே சாலை செல்லுகிறது. மகன் வண்டியை ஓட்டிக்கொண்டே பேசினான். நான் கேட்டுக்கொண்டே வந்தேன்.

பீட்டர் ஜாக்சன் என்ற நியூசிலாந்துக்காரர் 1999 அக்டோபரில் தொடங்கி 2000 டிசம்பர் வரை மூன்று படங்களையும் ஒரே மூச்சில் எடுத்தாராம். அவை 2001, 2002, 2003 என ஆண்டுக்கொன்றாக வெளிவந்தன. கடைசிப் படம் 11 ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. இரண்டாம் படத்தில் அரக்கர் சேனையின் முழக்கத்துக்காக, வெலிங்டன் மைதானத்தில் நியூசிலாந்தும் இங்கிலாந்தும் ஆடிய ஒருநாள் கிரிக்கெட் போட்டியைக் காண வந்த பல்லாயிரம் பேரைச் சத்தமிடச் செய்து பதிவு செய்தார்களாம். ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை கேட்கும் என் பலவீனத்தை அறிந்த மகன், "நீங்கள் போயிருந்தால் உங்கள் குரலும் படத்தில் இருந்திருக்கும் அப்பா" என்றான். என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

புத்தகத்தை எழுதிய டோல்கீன் என்ற ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியரைப் பற்றியும் சொன்னான். அவர் 1892இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். நான்கு வயதில் தகப்பனையும், பன்னிரண்டு வயதில் தாயையும் இழந்தவர். 1916இல் சோம் யுத்தகளத்தில் நின்றவர். நியூசிலாந்தை அவர் கண்டதே இல்லை. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1944இல், அவருடைய மகன் விமானப் படையில் சேர்ந்து தென்னாப்பிரிக்காவில் இருந்தான். தகப்பனார் இந்தக் கதையின் அதிகாரங்களை எழுத எழுத, தபாலில் அந்த மகனுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தாராம். தகப்பன் மறைந்த பின்பு, அவர் விட்டுச்சென்ற கையெழுத்துப் பிரதிகளைத் தொகுத்து வெளியிடுவதிலேயே அந்த மகன் தன் வாழ்நாளைச் செலவிட்டான்.

ஒரு தகப்பன் இந்தக் கதையை மகனுக்கு அனுப்பினான். ஒரு தகப்பன் அதை மகனிடமிருந்து பிடுங்கினான். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கிளெனோர்கிக்கு அப்பால் கப்பிச் சாலையில் சென்றால் பாரடைஸ் என்ற இடம். ஆம், பரதீசு என்றே அதற்குப் பெயர்! சில வீடுகள், மேய்ச்சல் நிலம், பாசி படர்ந்த பீச் மரக்காடு, அப்பால் பனி மூடிய சிகரங்கள். படத்தில் வரும் மாய வனத்துக்கும், ஒரு கொடிய மந்திரவாதியின் கோட்டை நிற்கும் சமவெளிக்கும் இந்தப் பகுதியையே காட்டியிருக்கிறார்கள். கோட்டைக் கோபுரமோ வெலிங்டனில் செய்யப்பட்ட ஒரு மாதிரி வடிவம். இங்கே ஆடுகள் மட்டும் மேய்ந்துகொண்டிருந்தன.

ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். மனைவியும் மருமகளும் சாப்பாட்டுப் பாத்திரங்களைத் திறந்துகொண்டிருந்தார்கள். நான் கேட்டேன்: "தம்பி, அந்தக் கதையில் உனக்கு என்ன பிடித்தது?"

இந்தக் கேள்வியை நான் கேட்பதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின.

அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "கல்லூரியில் முதல் வருஷம் என்னை மிகவும் கேலி செய்தார்கள் அப்பா. என் ஆங்கிலத்தை, என் சட்டையை, தாராவியை, எல்லாவற்றையும். இரண்டு பாடங்களில் தேறவும் இல்லை. படிப்பை விட்டுவிடலாம் என்றிருந்தேன். அப்போதுதான் அந்தப் புத்தகம் கிடைத்தது. அதில் ஒரு சின்னவன். தான் கேட்டு வாங்காத பாரத்தைச் சுமந்துகொண்டு ஒரு மலைக்குப் போக வேண்டும். கடைசியில் அவனால் நடக்க முடியவில்லை. கூட வந்த தோழனால் அந்தப் பாரத்தை வாங்கிக்கொள்ளவும் முடியாது. ஆகவே அவனையே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஏறுகிறான். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதனால்தான் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன்."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"அந்த வருஷம் நீங்கள் தினமும் இரண்டு ஷிஃப்ட் பார்த்தீர்கள் அப்பா. உங்களுக்கு ஏற்கெனவே பாரம் அதிகம்."

என்மேல் குற்றம் சுமத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் எனக்காகச் சாக்குச் சொன்னதைத் தாங்க முடியவில்லை. நான் சுமந்ததெல்லாம் அவனுக்காகத்தான். அவனோ தன் பாரத்தை எனக்கு மறைத்துச் சுமந்தான். ஒரே கூரையின்கீழ் இருவரும் தனித்தனியே சுமந்திருக்கிறோம்.

கல்லைக் குறித்து வைத்தேன்

அன்று மாலை ஏரிக்கரையில் நாங்கள் இருவர் மாத்திரம் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் தொட்டும் தொடாமலும் இருந்த ஒரு கல்லை நான் குறித்து வைத்துக்கொண்டேன். சிறிது நேரத்தில் நீர் மெல்ல ஏறி அந்தக் கல்லை நனைத்தது. மறுபடியும் இறங்கியது. எத்தனை நூற்றாண்டுகளாக இப்படி ஏறி இறங்குகிறதோ! நின்று கவனித்தவனுக்கு மட்டுமே அது தெரிகிறது.

"தம்பி, அந்தப் புத்தகத்தை எடைக்குப் போட்டது தவறு. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்" என்றேன்.

அவன் பதில் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டான். நீர் இன்னொரு முறை ஏறி இறங்கும்வரை விடவில்லை.

அன்றிரவு பேத்தியின் கட்டிலருகே நானும் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். மகன் புத்தகத்தைக் கையில் எடுத்து, "நேற்று விட்ட இடத்திலிருந்து சொல்லவா அப்பா?" என்று கேட்டான். பேத்தி எனக்கு முந்திக்கொண்டு, "தாத்தாவுக்கு ஒன்றும் தெரியாது. முதலிலிருந்து சொல்லுங்கள்" என்றாள்.

அருமையான பெற்றோரே, உங்கள் பிள்ளைகளுக்கு எதை அனுமதிக்க வேண்டும், எதை விலக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. என் வீட்டில் பழைய ஒழுங்குகள் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் ஒன்றை மட்டும் கேட்கிறேன். உங்கள் மகனோ மகளோ வெறும் ஆற்றைப் பார்த்துக் கண்கள் மின்ன நிற்கும்போது, "அங்கே ஒன்றுமில்லையே" என்று சொல்லி இழுத்துக்கொண்டு போய்விடாதிருங்கள். பக்கத்தில் நின்று, "நீ அங்கே என்ன காண்கிறாய்?" என்று கேளுங்கள். கேட்டபின் கண்டிக்க வேண்டியிருந்தால் கண்டியுங்கள். முதலில் கேளுங்கள். நான் இருபத்திரண்டு ஆண்டுகள் தாமதித்தேன். உங்களுக்கு இன்று மாலை போதும்.